பொருள் அறிந்து படிப்போம்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. பள்ளிப் பருவத்தில் பேச்சுப் போட்டி மேடைகளில் இதை முழங்கிப் பரிசு வாங்கியவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும். ஆனால் கணினி அறிவியல் பயிலும் நாமே நாள்தோறும் ஏட்டுச் சுரைக்காயை எழுதி, அதற்கு இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னால் நண்பர்கள் சினம் கொள்ளக் கூடாது. அந்தக் குற்றத்தை முதலில் செய்தவள் நான்தான். ஆகவே என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாண்டில் ஒருநாள் வகுப்புத் தேர்வு. “கிளாஸ் என்றால் என்ன? ஆப்ஜெக்ட் என்றால் என்ன?” என்பது வினா. “கிளாஸ் என்பது ஒரு புளூபிரிண்ட், ஆப்ஜெக்ட் என்பது அதன் இன்ஸ்டன்ஸ்” என்று ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். இரண்டுக்கு இரண்டு மதிப்பெண் கிடைத்தது. அடுத்த வாரம் செய்முறை வகுப்பு. “உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிளாஸ் அமைத்து ஒரு நிரல் எழுதுங்கள்” என்றார்கள். கணிப்பொறியின் முன் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தேன். திரை வெறுமையாகவே இருந்தது. இரண்டுக்கு இரண்டு வாங்கியவளால் இரண்டு வரி எழுத முடியவில்லை!

காரணம் என்ன? புளூபிரிண்ட் என்பதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. நாங்கள் குடியிருந்த கொட்டகை வரைபடம் வைத்துக் கட்டியதன்று. இன்ஸ்டன்ஸ் என்ற சொல்லையோ, காப்பித்தூள் பொட்டலத்தில் கண்ட ‘இன்ஸ்டன்ட்’ என்ற சொல்லுக்கு உறவு என்றுதான் எண்ணியிருந்தேன். தெரியாத ஒன்றைத் தெரியாத வேறு இரண்டால் விளக்கி எழுதினேன். அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றேன். இதைவிட வேடிக்கை வேறு உண்டோ?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவள். அங்கே ‘இனக்குழு’, ‘பொருள்’, ‘ஆக்கி’, ‘மரபுரிமம்’ என்று படித்தோம். மேல்நிலைத் தேர்வு முடிந்தபின் ஓராண்டு வீட்டுச் சூழலால் வேலைக்குச் சென்று, அதன் பிறகே கல்லூரியில் சேர்ந்தேன். இங்கே கிளாஸ், ஆப்ஜெக்ட், கன்ஸ்ட்ரக்டர், இன்ஹெரிடன்ஸ் என்று கேட்டபோது, இவை நான் ஏற்கெனவே படித்த அதே இனக்குழுவும் பொருளும் ஆக்கியும் மரபுரிமமும்தாம் என்பது எனக்கு மூன்று வாரம் வரை விளங்கவில்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் உள்ள பிள்ளையை இரண்டு பிள்ளைகள் என்று எண்ணிய கதையாயிற்று.

நிற்க. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே ஒன்றுதான். இனக்குழுவை முதலில் வைத்துப் பொருளைப் பின்னால் வைக்கும் வழக்கம் நமக்கு, அதிலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நம்மைப் போன்றோர்க்கு, தலைகீழாக இருக்கிறது. முதலில் பொருள், அதன் பின்னரே இனக்குழு. இந்த வரிசையில் பயின்றால் இப்பாடம் எளிது. இது என் சொந்தக் கற்பனை அன்று. இந்தக் கருத்து உலகில் பிறந்த வரிசையும் அதுவேதான்.

பிறந்த கதை

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தாயகம் நார்வே நாடு. ஓஸ்லோ நகரில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இரு அறிஞர்கள் 1960-களில் சிமுலா என்ற நிரல்மொழியைப் படைத்தனர். அவர்கள் இலக்கண வரையறை தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். உலகில் நடக்கும் நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். வரிசையில் மக்கள் எவ்வளவு நேரம் நிற்க நேரும், ஓர் ஆலையில் வேலை எந்த இடத்தில் தேங்கும் என்பன போன்ற கேள்விகள் அவர்கள் முன் இருந்தன.

அவர்கள் எண்ணிப் பார்த்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, பாலத்தின் சுங்கச் சாவடியில் வரிசையில் நிற்கும் வண்டிகள். லாரி, பேருந்து, கார் என்று வண்டிகள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மை உண்டு. ஆயினும் வரிசையில் நிற்பது என்ற அளவில் எல்லாம் ஒன்றே. எல்லாவற்றுக்கும் பொதுவானதை ஒருமுறை எழுதிவிட்டு, தனித்தன்மையை மட்டும் தனித்தனியே எழுத முடியாதா? இந்தக் கேள்விக்கு விடையாக 1967-இல் வந்த சிமுலா 67 என்ற மொழியில் இனக்குழுவும், இனக்குழுவின் கீழ் அமையும் துணை இனக்குழுவும் இடம்பெற்றன. வண்டிகளை முதலில் கண்டார்கள். வகையைப் பிறகு வகுத்தார்கள். இதுவே நாம் மனத்தில் பதிக்க வேண்டிய வரிசை.

பின்னர் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், ஆலன் கே என்பவரும் அவர் தோழர்களும் 1972 முதல் ஸ்மால்டாக் என்ற மொழியை வளர்த்தனர். உயிரியலும் கணிதமும் பயின்றவர் அவர். உடலில் உள்ள உயிரணுக்களைப் போலப் பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. டென்மார்க்கில் பிறந்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது சிமுலாவைப் பயன்படுத்தியவர். அந்த அனுபவத்தைக் கொண்டு 1979-இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு இனக்குழுக்களைச் சேர்க்கத் தொடங்கினார். அம்முயற்சியே 1983-இல் சி ப்ளஸ் ப்ளஸ் என்று பெயர் பெற்றது. பைத்தான் 1991-இலும் ஜாவா 1995-இலும் வெளிவந்தன. இன்று நாம் ஆய்வகத்தில் தட்டும் ஒவ்வொரு இனக்குழுவுக்கும் அந்தச் சுங்கச் சாவடி வண்டிகளே முன்னோர் என்றால் மிகையன்று.

அச்சும் கல்லும்

திரை வெறுமையாக இருந்த அன்று என் பின்னால் வந்து நின்றார் எங்கள் பேராசிரியை ஒருவர். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினேன்.

“ஏம்மா, உங்க வீட்ல என்ன தொழில்?” என்று கேட்டார்.

உடன் படிப்போர் எவரிடமும் அதுவரை நான் சொல்லாத ஒன்று அது. தயங்கித் தயங்கி, “செங்கல் சூளைங்க மேடம். அப்பாவும் அம்மாவும் கல் அறுக்கறாங்க” என்றேன்.

“அப்புறம் என்ன? சூளையில இருக்கறதை எழுதும்மா. உனக்குத் தெரிஞ்சது அதுதானே?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரியில் சேருமுன் நான் வேலை செய்ததாகச் சொன்ன அந்த ஓராண்டு, அதே சூளையில்தான். குழைத்த மண்ணை எடுத்து, மணல் தூவிய அச்சில் அடித்து, மேலே வழித்து, களத்தில் கவிழ்த்தால் ஒரு கல். மீண்டும் மணல், மீண்டும் மண், மற்றொரு கல். ஒரே அச்சு, ஓராயிரம் கல். அச்சை வைத்துச் சுவர் எழுப்ப முடியாது. கல்லை வைத்துத்தான் எழுப்ப முடியும். ஆனால் அச்சு இல்லாமல் ஒரே அளவான கல் கிடைக்காது. அன்று மாலை விடுதிக்குத் திரும்பும் வழியில் இது என் உள்ளத்தில் மின்னியது. அச்சு என்பது இனக்குழு. கல் என்பது பொருள்! புளூபிரிண்ட் என்ற சொல் ஓராண்டாகச் செய்யாததை என் கைக்குப் பழகிய அச்சு ஒரு மாலையில் செய்துவிட்டது.

ஆனால் உவமை எதுவும் முழுமையன்று. அச்சு உவமையோடு நின்றுவிட்டால் மூன்று இடங்களில் வழுக்கி விழுவோம். ஒன்று, ஓர் அச்சில் வந்த கற்கள் எல்லாம் ஒன்றே போல் இருக்கும். ஓர் இனக்குழுவில் பிறந்த பொருள்களோ தத்தம் உள்ளே வேறு வேறு மதிப்புகளைச் சுமக்கும். இரண்டு, கல் தானாக எதுவும் செய்யாது. பொருளோ சொன்ன வேலையைச் செய்யும். மூன்று, களத்தில் கவிழ்த்த பின் கல்லுக்கும் அச்சுக்கும் தொடர்பு அற்றுவிடும். பொருளுக்கும் இனக்குழுவுக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. வேலைக்கான கட்டளைகள் இனக்குழுவில் ஒருமுறைதான் எழுதப்படுகின்றன. தரவு மட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. எந்தப் பொருளைக் கூப்பிடுகிறோமோ அதன் தரவின்மேல் அந்தக் கட்டளை இயங்குகிறது.

ஆகவே கல்லைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்றைச் சூளையிலேயே தேடினேன். கிடைத்தது. அது கணக்கு நோட்டு.

கணக்கு நோட்டு

சூளை வேலையை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ஜோடியாகக் கல் அறுப்பார்கள். பருவத் தொடக்கத்தில் ஜோடிக்கு முன்பணம் கொடுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்று பேச்சு. வாரந்தோறும் செலவுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள். கூலியில் அதுபோக மிஞ்சியது முன்பணத்தில் கழியும். இவ்வளவும் ஒரு நோட்டில் எழுதப்படும்.

இப்போது எண்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் கல்லுக்குக் கூலி 900 ரூபாய். என் பெற்றோர் வாங்கிய முன்பணம் 30,000 ரூபாய். அவர்கள் ஒரு வாரத்தில் 5,000 கல் அறுத்தால் கூலி 4,500. செலவுக்கு 1,500 வாங்கினால் மீதி 3,000 முன்பணத்தில் கழிந்து, பாக்கி 27,000. பெரியப்பா ஜோடி வாங்கியது 20,000. அவர்கள் அறுத்தது 4,000 கல், கூலி 3,600. செலவுக்கு அதே 1,500 போக 2,100 கழிந்து, பாக்கி 17,900.

இவை இரண்டு கணக்குகள். எண்கள் வேறு, பெயர்கள் வேறு. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் அமைப்பு இருப்பதை நீங்கள் இப்போதே கண்டிருப்பீர்கள். அந்தப் பொது அமைப்பைத் தனியே பிரித்து எழுதினால் அதுவே இனக்குழு.

இனக்குழு: சூளைக் கணக்கு.
உள்ளே மறைந்திருக்கும் தரவு: ஜோடியின் பெயர், அறுத்த கல், முன்பணப் பாக்கி.
வெளியிலிருந்து கேட்கக்கூடிய செயல்கள்: கல் சேர், செலவுப்பணம் கொடு, பாக்கி சொல்.
எல்லார்க்கும் பொது: ஆயிரம் கல்லுக்குக் கூலி.

புதிய ஜோடி ஒன்று வேலைக்குச் சேரும்போது பெயரையும் முன்பணத்தையும் எழுதி, கல் எண்ணிக்கையைச் சுழியம் என்று குறிக்கிறோம் அல்லவா? அந்த முதல் வேலையைச் செய்வதே ஆக்கி, அதாவது கன்ஸ்ட்ரக்டர். பொருள் பிறக்கும்போது ஆக்கி தானாகவே இயங்கும். பெயரில்லாத கணக்கோ, பழைய எண்ணிக்கை ஒட்டிக்கொண்ட கணக்கோ பிறக்க விடாமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை.

இதை எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கூலி விகிதம் எல்லார்க்கும் பொது என்பதால் அதை ‘ஸ்டேட்டிக்’ என்று அறிவிக்க வேண்டும். நானோ அவசரத்தில் முன்பணப் பாக்கியையும் ஸ்டேட்டிக் என்று அறிவித்துவிட்டேன். முதலில் பெற்றோருக்கு 30,000 என்று எழுதினேன். அடுத்துப் பெரியப்பாவுக்கு 20,000 என்று எழுதினேன். பெற்றோரின் பாக்கியைக் கேட்டால் அதுவும் 20,000 என்றது! அப்பா அறுத்த 5,000 கல்லைச் சேர்த்தேன். பெரியப்பாவின் கடன் 15,500 ஆகக் குறைந்தது! என்னோடு அதே கணிப்பொறியில் அமர்ந்திருந்த தோழி, “உங்க பெரியப்பா கொடுத்து வச்சவர்டி” என்று சிரித்தாள்.

சிரிப்புக்கு நடுவே ஒரு பாடம் கிடைத்தது. எது ஒவ்வொருவர்க்கும் உரியது, எது அனைவர்க்கும் பொது என்று பிரித்தறிவதே பொருள்நோக்குச் சிந்தனையின் முதற்படி. கூலி உயர்ந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். அன்று முதல் சேரும் கல்லுக்கெல்லாம் புதிய கூலி. பாக்கியோ அவரவர்க்கு. இந்த வேறுபாட்டை நான் நூலில் ஏழு முறை படித்திருந்தேன். விளங்கியது எட்டாம் முறை, அப்பாவின் உழைப்பு அடுத்தவர் கணக்கில் போனபோதுதான்.

மற்றொரு வழுக்கலையும் குறிப்பிட்டு விடுகிறேன். ஜாவா மொழியில் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் சூட்டினால் பொருள் இரண்டாகிவிடாது. ‘கணக்கு ஒன்று’ என்பதைக் ‘கணக்கு இரண்டு’ என்ற பெயருக்கு ஒப்படைத்தால், இரு பெயர்களும் ஒரே பொருளைத்தான் சுட்டும். ஒரு பெயரால் கல் சேர்த்தால் மற்றப் பெயரிலும் கூடியிருக்கும். புதிய பொருள் வேண்டுமாயின் ‘நியூ’ என்று சொல்லி உருவாக்க வேண்டும். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியிலோ ஒரு பொருளை மற்றதற்கு ஒப்படைத்தால் வழக்கமாகத் தரவுகள் நகலெடுக்கப்படுகின்றன; பின்னர் இரண்டும் தனித்தனி. மொழிக்கு மொழி வழக்கு மாறும் என்பதை மறவாதீர்.

எண்ணைத் தொடுபவர் யார்?

இனி, உள்ளே மறைந்திருக்கும் தரவு என்று சொன்னேனே, அதற்கு வருவோம். பாக்கி என்ற எண்ணை எல்லாரும் தொடலாம் என்று விட்டுவிட்டால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் யாரோ ஒருவர் “பாக்கி 50,000” என்று எழுதிவிடலாம். ஏன் மாறியது, எப்போது மாறியது என்று கேட்க வழியில்லை. அதை ‘பிரைவேட்’ ஆக்கிவிட்டால் கல் சேர்ப்பதாலோ பணம் கொடுப்பதாலோ மட்டுமே அந்த எண் மாறும். கல் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கீழே கொடுத்தால் ஏற்காதே என்று அந்தச் செயலுக்குள்ளேயே காவல் வைக்கலாம். எண்ணும், அந்த எண்ணை மாற்றும் உரிமையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைத்தான் உறைபொதியாக்கம் என்கிறோம்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா ஆகிய மொழிகளில் பிரைவேட் என்று அறிவித்ததை வெளியிலிருந்து தொட்டால் நிரல் மொழிமாற்றியே மறுத்துவிடும். பைத்தானில் அத்தகைய கண்டிப்பான பூட்டு இல்லை; பெயரின் முன் அடிக்கோடு இட்டு, தொடாதே என்று உணர்த்துவதே மரபு. எந்த மொழியானாலும், இனக்குழுவை எழுதும் கையே தவறாக எழுதினால் காப்பாற்றுவார் இல்லை. பிரைவேட் என்பது கவனக்குறைவுக்குத் தடை. கள்ளத்துக்குத் தடை அன்று.

இதை நான் உணர்ந்த விதத்தையும் சொல்கிறேன். பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, என் நிரலைச் சரிபார்க்க உண்மைக் கணக்கு வேண்டுமென்று நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கொட்டகைச் சுவரில் ஆயிரம் கல்லுக்கு ஒரு கோடு என்று கரியால் இழுத்து வைத்திருப்பார். நோட்டையும் சுவரையும் ஒப்பிட்டபோது ஒரு வாரத்தில் சுவரில் ஐந்து கோடு. நோட்டில் 4,000 என்று இருந்தது. ஆயிரம் கல் எங்கே போயிற்று?

அப்பா மறுநாள் நோட்டைக் கொண்டுபோய்க் கேட்டார். எழுத விட்டுப் போயிற்று என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார்கள். மறதியாகவே இருக்கலாம், யாரையும் குறை கூற நான் இதை எழுதவில்லை. அந்தத் தவற்றைக் கண்டுபிடித்ததும் என் நிரல் அன்று. கண்டுபிடித்தவை அப்பாவின் கரிக்கோடுகள். ஆனால் இந்த எண்ணை யார் மாற்றலாம், எந்தச் செயலால் மாற்றலாம், மாறியதற்குச் சான்று எங்கே என்று கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது நான் எழுதிய அந்தச் சிறிய இனக்குழு. அதற்கு முன் பல பருவங்களில் அதே நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது. படித்தவள் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

ஈண்டு, சிமுலாவைப் படைத்த நைகார்ட் பற்றி மற்றொரு செய்தி நினைவுக்கு வருகிறது. அவர் 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து பணியாற்றினார். ஆலைக்குள் கணிப்பொறி நுழையும்போது அது தங்கள் வேலையை எப்படி மாற்றும் என்பதைத் தொழிலாளரே புரிந்துகொண்டு பேச வேண்டும் என்பது அப்பணியின் நோக்கம். டாலும் நைகார்டும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றனர். மறு ஆண்டிலேயே இருவரும் மறைந்தனர். பொருளையும் இனக்குழுவையும் உலகுக்குத் தந்தவர்களுள் ஒருவர், கணிப்பொறி அறிவு உழைப்பவர் கைக்கும் போக வேண்டும் என்று எண்ணினார் என்பது செங்கல் சூளையிலிருந்து வந்த எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

மறுப்புக்கு விடை

என் கருத்தை ஏற்காத நண்பர்கள் உண்டு. “தேர்வில் வரையறையைத்தானே கேட்கிறார்கள்? மனப்பாடம் செய்தால்தானே தேறலாம்?” என்பர். உண்மையே. வரையறை வேண்டா என்று நான் சொல்லவில்லை. இரண்டு பொருள்களை எழுதிப் பார்த்த பின் வரையறையைப் படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது என்றுதான் சொல்கிறேன்.

“ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் வேலை கிடைக்குமா?” என்பர். ஆங்கிலச் சொல் கட்டாயம் வேண்டும். நேர்முகத் தேர்வில் இனக்குழு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கரும்பலகையில் கிளாஸ் என்று எழுதும்போது பக்கத்தில் இனக்குழு என்றும் ஒரு சொல் எழுதினால் தமிழ்வழியில் வந்தவர்களுக்கு மூன்று வாரம் மிச்சமாகும். ஒரு சொல் எழுத ஒரு நொடிதானே?

“எல்லாவற்றுக்கும் இனக்குழு தேவையா?” என்று கேட்போரும் உண்டு. இல்லை. பத்து எண்களின் சராசரி காண இனக்குழு எழுதுவது கொசு அடிக்கக் கோடரி தூக்குவதாகும். தனக்கென்று நிலையும், அந்த நிலையை மாற்றும் செயல்களும் உள்ளவை பல சேர்ந்து வரும்போதுதான் இனக்குழு கைகொடுக்கும். எங்கே வேண்டா என்று தெரிவதும் அறிவுதானே!

பேராசிரியப் பெருமக்களுக்கு மாணவி என்ற உரிமையோடு பணிவாக மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். வரையறைக்கு முன் கரும்பலகையில் இரண்டு உண்மையான பொருள்களை எழுதிக் காட்டுங்கள். வகுப்புத் தேர்விலாவது, கிளாஸ் என்றால் என்ன என்பதற்கு மாற்றாக, ஒரு ரேஷன் கடையையோ பால் சங்கத்தையோ கொடுத்து, இதில் பொருள்கள் எவை, எது மறைவாக இருக்க வேண்டும், எது பொது என்று கேளுங்கள். செய்முறை வகுப்பில், உங்கள் வீட்டில் என்ன தொழில் என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி என் படிப்பைக் காப்பாற்றியது.

நண்பர்களே! உங்களுக்கும் ஒன்று. வங்கிக் கணக்கையும் காரையும் நூலாசிரியர்களுக்கே விட்டுவிடுவோம். தறி வீட்டிலிருந்து வந்தவர் தறியை எழுதட்டும். ஆடு மேய்த்தவர் பட்டியை எழுதட்டும். இட்டிலிக் கடை வைத்திருப்பவர் மகன் கடன் நோட்டை எழுதட்டும். எந்தத் தொழிலைச் சொல்ல நாம் கூசினோமோ, அதில்தான் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்கள் கிடக்கின்றன.

தமிழில் பொருள் என்ற சொல்லுக்குப் பண்டம் என்றும் செல்வம் என்றும் கருத்து என்றும் அர்த்தம் உண்டு. பண்டத்தைத் தொட்டுப் பார்த்தால் கருத்து விளங்கும். கருத்து விளங்கினால் செல்வம் ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையில்தான் நம்மைப் பெற்றவர்கள் கல் அறுத்து நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காயை ஏட்டிலேயே விட்டுவிடாமல், கொடியில் காய்ப்பதைப் பறித்துப் பார்ப்போம். பொருள் அறிந்து படிப்போம்!

— இரண்டாமாண்டு இளமறிவியல் மாணவி,
கணினி அறிவியல் துறை